ஜெயிப்பவர் யார் என்பதை யார் முடிவு செய்வது?

(மும்பையில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் செயற்குழு சார்பில் ஆற்றிய உரை. பேச்சு நடையைப் பெரிதும் மாற்றாமல் தருகிறோம்.)



வாரத்தில் கிடைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதிலும் தண்ணீர் பிடிக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். அத்தனையையும் ஒதுக்கி வைத்துவிட்டு, கைக்குழந்தைகளோடு வந்து தரையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நம் வட்டத்தில் நம்முடைய குடும்பங்களில் மிகப் பலர் ஓட்டுப் போடுகிற ஒரு கட்சி, இந்தத் தடவை நகரசேவக் பதவிக்கு யாரை நிறுத்துவது என்பதை வட்ட உறுப்பினர்களிடமே கேட்டு, பெட்டி வைத்து, சீட்டு எண்ணி முடிவு செய்யப்போவதாக அறிவித்திருக்கிறது. கட்சியின் பெயரை இந்த மேடையில் சொல்லவேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறோம். எல்லோருக்கும் தெரியும். மூன்று பேர் போட்டியில் இருக்கிறார்கள். முதலாமவர் நம் ஜில்லாக்காரர், தமிழர், வசதியானவர். ‘அவருக்குத்தான் சீட்டு’ என்று டீக்கடையில் பேசுகிறார்கள், நாவிதர் கடையில் பேசுகிறார்கள், சுவரொட்டிகூட அச்சாகிவிட்டது. இரண்டாமவர் தோல் பட்டறைத் தொழிலாளர்களுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த நம் தோழர். மூன்றாமவர் ஓர் அம்மா. சோலாப்பூர் பக்கத்து மராத்திக்காரர். அப்பளம் உருட்டும் பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் ரேஷன் கடைத் தராசை நிமிர்த்தி வைத்தவர். அவரை நம் பெண்கள் ‘அக்கா’ என்றே கூப்பிடுகிறார்கள்.

சங்கம் யார் பக்கம் நிற்பது? இதற்காகச் செயற்குழு மூன்று முறை கூடியது. மூன்றாவது முறை சத்தம் தெருவரைக்கும் கேட்டது என்பதை மறைப்பானேன்!

அன்றைக்கு அண்ணாச்சி ஒருவர் சொன்னார்: “ஜெயிக்கிறவர் யார் என்று தெரிந்த பிறகு அவரை எதிர்த்து நிற்பது பிழைக்க வந்தவர்களுக்கு அழகில்லை. நாளைக்குக் குழாய் வேண்டும், கக்கூஸ் வேண்டும், புல்டோசர் வந்தால் போய் நிற்க ஒரு வாசல் வேண்டும்.” அவர் பயந்தாங்கொள்ளி இல்லை. 1960-களின் கடைசியில் இந்த நகரத்தில் தென்னிந்தியர்களின் ஓட்டல்கள் தாக்கப்பட்டபோது, கல் விழுந்த தெருவில் கடை திறந்து வைத்திருந்தவரின் மகன். அந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1976-இல் குடிசைகளைக் கணக்கெடுத்துப் போட்டோ பாஸ் கொடுத்தார்கள். அந்த ஒரு துண்டு அட்டைக்காக நாம் எத்தனை பேர் காலைப் பிடித்தோம் என்று வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். அட்டை கையில் இல்லாதவன் ஆட்சியில் இருப்பவனோடு இருந்தால்தான் பிழைப்பான் என்ற பாடத்தை அன்றைக்குப் படித்தோம். இன்னும் மறக்கவில்லை.

ஆனால் அந்தப் பாடத்தின்படி நடந்து என்ன கண்டோம்? சில தேர்தல்களுக்கு முன்னால், ‘இவருக்குத்தான்’ என்று ஊர் சொன்ன ஒருவருக்கு எல்லோருக்கும் முன்னதாக நாம்தான் மாலை போட்டோம். நிபந்தனை எதுவும் வைக்கவில்லை, கோரிக்கைத் தாள்கூடக் கொடுக்கவில்லை. அவர் ஜெயித்தார். நம் சந்தின் பொதுக் கக்கூஸ் கதவு உடைந்து, பெண்கள் விடியுமுன் போய் வரவேண்டிய நிலை வந்தபோது ஐந்து முறை போய் நின்றோம். கடைசி முறை அவருடைய ஆள் ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னது நம் காதில் இன்னும் கிடக்கிறது: “உங்க ஓட்டு எங்கே போகப்போகுது?” கதவை நாமே காசு போட்டுச் சரி செய்தோம். ரசீது சங்க அலமாரியில் இருக்கிறது.

ஆகவே, முன்னால் ஓடுகிறவர் என்று சொல்லப்படுகிறவரை எதிர்த்து இன்னொருவரை ஆதரிப்பதால் என்ன கிடைக்கிறது, என்ன போகிறது என்று கொஞ்சம் வெளியுலகத்தையும் பார்த்தோம். கட்சிக்குள்ளேயே மக்கள் ஓட்டுப் போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் வேரூன்றிய நாடு அமெரிக்கா. அதை அங்கே ‘பிரைமரி’ என்கிறார்கள். மாநிலம் மாநிலமாக நடக்கும். ஒவ்வொரு மாநிலத்திலும் வாங்கும் ஓட்டைப் பொறுத்துப் பிரதிநிதிகள் கிடைப்பார்கள். அந்தப் பிரதிநிதிகள் கட்சி மாநாட்டில் கூடி வேட்பாளரை அறிவிப்பார்கள். கேட்க எளிது, நடப்பது சிக்கல்.

1968-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். டெமாக்ரடிக் கட்சியின் லிண்டன் ஜான்சன் ஜனாதிபதி. 1964-இல் நூற்றுக்கு 61 ஓட்டு வாங்கி வந்தவர். பதவியில் இருக்கும் ஜனாதிபதியைச் சொந்தக் கட்சியில் யார் எதிர்ப்பது? ஆனால் வியட்நாமில் போர். ஐந்து லட்சம் அமெரிக்கச் சிப்பாய்கள் அங்கே. ஏழை வீட்டுப் பிள்ளைகளும் கறுப்பர் வீட்டுப் பிள்ளைகளும் பெட்டியில் திரும்பி வருகிறார்கள். ஆலர்ட் லோவன்ஸ்டைன் என்ற ஒருவர் ஜான்சனை எதிர்த்து நிற்க ஆள் தேடி அலைந்தார். ராபர்ட் கென்னடியைக் கேட்டார், மறுத்துவிட்டார். ஜார்ஜ் மெக்கவர்னைக் கேட்டார், அவரும் மறுத்தார். பெரிய பெயர்களெல்லாம் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தன. கடைசியில் மின்னசோட்டாவைச் சேர்ந்த யூஜின் மெக்கார்த்தி என்ற செனட்டர் சரி என்றார். கவிதை எழுதுகிறவர், மெதுவாகப் பேசுகிறவர். 1967 நவம்பர் 30-இல் அறிவித்தார். பத்திரிகைகள் அவரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் பிரைமரி 1968 மார்ச் 12, நியூ ஹாம்ஷயர் என்ற சின்ன மாநிலத்தில். கல்லூரிப் பிள்ளைகள் அங்கே வந்து குவிந்தார்கள். நீண்ட தலைமுடியையும் தாடியையும் வைத்துக்கொண்டு கதவைத் தட்டினால் கிராமத்துப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று, முடியை வெட்டி, தாடியை மழித்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் வியட்நாமியப் புத்தாண்டு நாளில் அங்கே பெருந்தாக்குதல் நடந்து, ‘போர் முடியப்போகிறது’ என்ற அரசாங்கத்தின் பேச்சு பொய்யென்று ஆகியிருந்தது. எண்ணிப் பார்த்தபோது ஜான்சனுக்கு நூற்றுக்கு 49, மெக்கார்த்திக்கு 42. ஓட்டுக் கணக்கில் மெக்கார்த்தி தோற்றார். ஆனால் மாநாட்டுக்குப் போகும் 24 பிரதிநிதிகளில் 20 பேர் அவர் பக்கத்தவர்கள்! எப்படி? ஜான்சன் ஆதரவாளர்கள் ‘நான் போகிறேன், நீ போகிறாய்’ என்று இருக்கிற இடங்களுக்கு மேல் ஆட்களை நிறுத்தி, தங்கள் ஓட்டைத் தாங்களே பங்குபோட்டுக்கொண்டார்கள். மெக்கார்த்தி பக்கம் இருந்த இடத்துக்கு ஏற்ற ஆட்களை மட்டும் நிறுத்தினார்கள். இந்தச் செய்தியை ஒரு பக்கம் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான்கு நாள் கழித்து, மார்ச் 16-இல், முன்பு மறுத்த ராபர்ட் கென்னடி போட்டியில் குதித்தார். மார்ச் 31 இரவு தொலைக்காட்சியில் பேசிய ஜான்சன், தான் மறுபடி நிற்கப் போவதில்லை என்று அறிவித்தார். தோற்கடிக்கவே முடியாது என்று எல்லோரும் சொன்ன மனிதர், ஒரு சின்ன மாநிலத்தில் கிடைத்த 42-க்குப் பிறகு மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. மெக்கார்த்தி கடைசிவரை ஜனாதிபதி ஆகவில்லை. ஆனால் அவர் அன்று நிற்காவிட்டால் கென்னடி இறங்கியிருப்பாரா? ஜான்சன்தான் விலகியிருப்பாரா? நமக்குச் சந்தேகம்தான்.

இங்கே நம்மைப் போன்றவர்களின் கதை ஒன்று வருகிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். கலிபோர்னியாவில் டெலானோ என்ற ஊர். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். பறிக்கிறவர்கள் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்கள், மெக்ஸிகோ வழி வந்தவர்கள். பருவத்துக்குப் பருவம் ஊர் ஊராகப் போகிற கூலிகள். ஒரு கூட்டம் வேலைநிறுத்தம் செய்தால் முதலாளி மற்றக் கூட்டத்தைக் கொண்டுவந்து பறிக்கச் சொல்வான். இவன் மொழி அவனுக்குத் தெரியாது, அவன் சோறு இவனுக்குப் பிடிக்காது. முதலாளிக்கு அது வசதி. 1965 செப்டம்பரில் லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பினோத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சீசர் சாவேஸின் மெக்ஸிகச் சங்கம், ‘இது அவர்கள் சண்டை’ என்று ஒதுங்காமல், சில நாட்களிலேயே சேர்ந்துகொண்டது. பிறகு இரண்டு சங்கங்களும் ஒன்றாயின. பெயரைப் பார்த்து நம் பிள்ளைகள் சிரிக்கலாம். இட்லிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை!

1968-இல் சாவேஸ் தம் ஆட்கள் வன்முறையில் இறங்கிவிடக் கூடாதென்று உண்ணாவிரதம் இருந்தார். காந்தியைப் படித்தவர். இருபத்தைந்தாவது நாள், மார்ச் 10-இல் அவர் விரதம் முடித்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ராபர்ட் கென்னடி. இரண்டு ஆண்டு முன்பே செனட் குழு விசாரணைக்கு வந்து, தொழிலாளர் பக்கம் நின்று போலீஸ் அதிகாரியைக் கேள்வி கேட்டவர் அவர். ஆகவே கென்னடி போட்டியில் இறங்கியதும் தோட்டத் தொழிலாளர்கள் கலிபோர்னியா முழுதும் கிளம்பினார்கள். வேலைநிறுத்தத்தில் இருந்தவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸின் மெக்ஸிகச் சேரிகளில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஓட்டர் பட்டியலில் பெயர் இல்லாதவர்களைச் சேர்த்தார்கள், ஓட்டு நாளன்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்கள். ஜூன் 4. கென்னடிக்கு 46, மெக்கார்த்திக்கு 42. அந்த வித்தியாசத்தில் திராட்சை பறித்த கைகளின் உழைப்பு இருந்தது. அன்றிரவு வெற்றி மேடையில் அவர் அருகே தொழிலாளர் சங்கத்தின் டோலோரஸ் ஹுவெர்டா நின்றிருந்தார். சில நிமிடங்களில், நள்ளிரவு தாண்டி, ஓட்டலின் சமையல்கட்டு வழியே போகும்போது கென்னடி சுடப்பட்டார். ஜூன் 6-இல் இறந்தார்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஆகஸ்டில் சிகாகோ மாநாடு. ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாத துணை ஜனாதிபதி ஹியூபர்ட் ஹம்ப்ரி வேட்பாளர் ஆனார். பிரதிநிதிகளில் மிகப் பலரைக் கட்சிப் பெரியவர்களே பொறுக்கிவிடலாம் என்று விதி இருந்ததால் முடிந்தது. வெளியே இளைஞர்கள் மீது போலீஸ் தடியடி. நவம்பரில் நிக்ஸன் மிகக் குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்தார்.

நம் செயற்குழுவில் இதைச் சொன்னபோது அண்ணாச்சி மடக்கினார்: “பார்த்தீர்களா, சொந்தக் கட்சியில் சண்டை போட்டு எதிரியை உட்கார வைத்தார்கள்.” நியாயமான கேள்வி. கசப்பு ஓட்டுகளைத் தின்றது உண்மை. மெக்கார்த்தி ஹம்ப்ரிக்கு ஆதரவு சொல்லத் தேர்தலுக்கு ஒரு வாரம் முன்புவரை இழுத்தடித்தார். அது தவறு என்றே நினைக்கிறோம். ஆனால் கட்சியை உடைத்தது எதிர்த்து நின்றவர்களா, அல்லது அந்தப் போரா? நெருப்பைப் பற்றிக் கத்தியவன் மேல் வீடு எரிந்த பழியைப் போடுவது சரியில்லை.

தோல்வியோடு கதை முடியவும் இல்லை. சிகாகோ அவமானத்துக்குப் பிறகு விதிகளைத் திருத்த ஒரு குழு அமைத்தார்கள். முதல் தலைவர் அந்த மெக்கவர்ன்தான். பிரதிநிதிகளைப் பெரியவர்கள் அறைக்குள் பொறுக்குவது போய், மக்கள் ஓட்டே பெரும்பாலும் தீர்மானிக்கும் முறை 1972-இல் வந்தது. பெண்களுக்கும் கறுப்பர்களுக்கும் இளைஞர்களுக்கும் மாநாட்டில் இடம் கூடியது. அந்த ஆண்டு முன்னால் ஓடியவர் எட்மண்ட் மஸ்கி. அவரையும் முந்தி மெக்கவர்னே வேட்பாளர் ஆனார். பொதுத்தேர்தலில் ஒரே ஒரு மாநிலத்திலும் தலைநகரிலும் மட்டும் ஜெயித்துப் படுதோல்வி அடைந்தார். இதையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். உட்கட்சியில் ஜெயிக்கும் ஆள் வெளியே ஜெயிப்பார் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

அடுத்து ஜெஸ்ஸி ஜாக்சன். மார்ட்டின் லூதர் கிங்கோடு வேலை செய்த கறுப்பினப் பாதிரியார். 1984-இல் வால்ட்டர் மாண்டேலை எதிர்த்து நின்றார். ஜெயிக்கமாட்டார் என்று அவர் பின்னால் நின்றவர்களுக்கே தெரியும். முப்பது லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார், ஆனால் அந்த ஓட்டுக்கு ஏற்ற பிரதிநிதிகள் கிடைக்கவில்லை. பல இடங்களில் முதலில் வந்தவருக்கே வாரிக் கொடுக்கும் விதி. 1988-இல் மறுபடி நின்றார். ஏறத்தாழ 70 லட்சம் ஓட்டு. டுகாகிஸுக்கு அடுத்த இடம். வேட்பாளர் ஆகவில்லை. ஆனால் கையில் இருந்த பலத்தை வைத்து ஒன்று கேட்டு வாங்கினார். வாங்கிய ஓட்டின் விகிதப்படி பிரதிநிதிகளைப் பிரிக்கவேண்டும் என்பதே அது. இருபது ஆண்டு கழித்து, 2008-இல், ஹிலாரி கிளிண்டன் முன்னால் ஓடினார். கலிபோர்னியா, நியூயார்க் போன்ற பெரிய மாநிலங்களில் அவர்தான் ஜெயித்தார். பழைய விதியாக இருந்தால் அங்கே இன்னும் அதிகப் பிரதிநிதிகளை அள்ளியிருப்பார். புது விதியால் அங்கேயும் பராக் ஒபாமாவுக்குப் பங்கு கிடைத்தது, அந்தப் பங்குகள் சேர்ந்து அவரை வேட்பாளர் ஆக்கின. தோற்றவர் நட்ட மரத்தில் வேறொருவர் பழம் பறித்தார்.

இன்னொரு கட்சியின் கதையையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அது நம் தலைக்கு மேல் தொங்கும் கத்தி. 2016-இல் ரிபப்ளிகன் கட்சியில் பதினேழு பேர் கிளம்பினார்கள். டொனால்டு டிரம்ப் முன்னால் ஓடினார். தென் கரோலினாவில் அவருக்கு நூற்றுக்கு 33-கூட இல்லை. எதிர்த்த ரூபியோவும் குரூஸும் ஆளுக்கு 22-க்கு மேல். இருவர் ஓட்டையும் கூட்டினால் அவரைத் தாண்டும். ஆனால் 50 பிரதிநிதிகளும் அவருக்கே போனார்கள். ‘நீ விலகு’ என்று இவர், ‘நீ விலகு’ என்று அவர். விலகும்போது காலம் கடந்துவிட்டது. ரூபியோவின் ஓட்டெல்லாம் குரூஸுக்குப் போயிருக்குமா என்பது வேறு விஷயம். ஓட்டு கத்தரிக்காய் இல்லை, ஒரு கூடையிலிருந்து மறு கூடைக்கு அப்படியே கொட்ட. 2020-இல் டெமாக்ரடிக் கட்சியில் இதற்கு நேர் எதிர். பெர்னி சாண்டர்ஸ் முன்னால் ஓடினார். பதினான்கு மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போடுவதற்கு முதல் இரண்டு நாளில் இரண்டு பேர் விலகி ஜோ பைடனுக்குக் கை தூக்கினார்கள். முன்னோடியவர் மாறிப்போனார்.

இந்த இடத்தில் கமலா ஹாரிஸைப் பற்றிக் கேட்பீர்கள். தாத்தா வழியில் மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரத்துக்காரர், நமக்கும் பெருமைதான். அவர் அந்தப் போட்டியில் முதல் ஓட்டு விழும் முன்பே, 2019 டிசம்பரில், விலகிவிட்டார். பிறகு துணை ஜனாதிபதி ஆனார். 2024-இல் பைடனை எதிர்த்து உட்கட்சியில் பெரிய தலை எதுவும் நிற்கவில்லை. மிச்சிகனில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் காஸா போரைக் கண்டித்து ‘யாருக்கும் இல்லை’ என்ற கட்டத்தில் ஓட்டுப் போட்டார்கள். அந்தக் குரலுக்கு உரிய காது கிடைக்கவில்லை. ஜூலையில் பைடன் விலக, பிரைமரி ஓட்டு ஒன்றும் வாங்காமலே ஹாரிஸ் வேட்பாளர் ஆகி நவம்பரில் தோற்றார். முன்பே நல்ல போட்டி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்நாட்டவர் பேசிக்கொள்ளட்டும். நம்மவர் என்ற பாசத்தோடு சாமி கும்பிடலாம், சீட்டு யாருக்கு என்று தீர்மானிக்க அது போதாது என்பதே நாம் சொல்ல வந்தது.

நம் நாட்டில் என்ன? 1939 ஜனவரியில் காங்கிரஸ் தலைவர் தேர்தல். காந்தியாரின் ஆதரவு பட்டாபி சீதாராமய்யாவுக்கு. சுபாஷ் சந்திர போஸ் விலகாமல் நின்று 200-க்கு மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். என்ன நடந்தது? காரியக் கமிட்டியில் பெரும்பாலோர் ராஜினாமா. திரிபுரி மாநாட்டில், காந்தியாரின் விருப்பப்படிதான் கமிட்டி அமைக்கவேண்டும் என்று தீர்மானம். ஏப்ரல் முடிவதற்குள் போஸ் தாமே விலகினார். பெட்டியில் ஜெயித்தாலும் கமிட்டி கையில் இல்லாவிட்டால் நாற்காலி நிற்காது. அந்தக் கட்சியில் பின்னாட்களில் நடந்த தலைவர் தேர்தல்களில் போட்டி பெயருக்குத்தான். 2000-இல் சோனியா காந்தியை எதிர்த்த ஜிதேந்திர பிரசாதாவுக்கு 94 ஓட்டு. 2022-இல் மல்லிகார்ஜுன கார்கேயை எதிர்த்த சசி தரூருக்கு 1,072. ஆனாலும் 94-க்கும் 1,072-க்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். மற்றப் பல கட்சிகளில் இந்த அளவுகூடப் பெட்டி வைப்பதில்லை.

2014 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன் அதே காங்கிரஸ், சுமார் பதினைந்து தொகுதிகளில் அமெரிக்க முறையில் உட்கட்சித் தேர்தல் நடத்திப் பார்த்தது. வதோதராவில் நரேந்திர ராவத் என்பவர் முறையாக ஜெயித்தார். பிறகு அங்கே நரேந்திர மோடி நிற்பது தெரிந்ததும், ராவத் விலக, மதுசூதன் மிஸ்திரி வேட்பாளர் ஆனார். நாடெங்கும் அடித்த அலையில் அந்தப் பரிசோதனையின் வேட்பாளர்களில் பெரும்பாலோர் தோற்றார்கள், பரிசோதனையும் ஓய்ந்தது. காரணம் எளிது. நம் சட்டப்படி, கட்சி வேட்பாளர் யார் என்பதைக் கட்சி கையெழுத்திட்டுத் தரும் பாரம்தான் தீர்மானிக்கிறது, உறுப்பினர் போட்ட சீட்டு அல்ல. சின்னங்கள் பற்றிய தேர்தல் கமிஷனின் உத்தரவு 1968 ஆகஸ்ட் 31 தேதியிட்டது. சிகாகோவில் தடியடி நடந்த அதே வாரம்! நம் மும்பையில் ‘ஏ.பி. பாரம்’ கடைசி நிமிடத்தில் யார் சட்டைப் பைக்குப் போகிறது என்று நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே இந்த வட்டத்தில் பெட்டி வைத்தாலும் பாரம் வேறு கைக்குப் போகலாம். அதைத் தெரிந்துகொண்டுதான் இறங்குகிறோம்.

பிறகு ஏன் இறங்கவேண்டும்? ஆயிரம் சீட்டில் எதிர்த்து விழுந்தவை நானூறு என்று எண்ணிச் சொல்லிவிட்டால், பாரத்தை வாங்கிக்கொண்டு போகிறவர் அந்த நானூறைப் பார்த்துத்தான் பேசவேண்டும். ‘உங்க ஓட்டு எங்கே போகப்போகுது’ என்று சிரிக்க முடியாது. போகக்கூடிய இடத்தை எண்ணிக் காட்டிவிட்டோமே!

இனி நம் வேலை. முதலாவது, இருவரும் கடைசிவரை நின்றால் நியூ ஹாம்ஷயரில் ஜான்சன் ஆட்கள் செய்ததையும் தென் கரோலினாவில் நடந்ததையும் நாமே செய்தவர்கள் ஆவோம். தோழரையும் அக்காவையும் அழைத்துப் பேசினோம். மாத முடிவுவரை இருவரும் ஆதரவு திரட்டட்டும், பிறகு சங்கத்தில் ஓட்டு, குறைவாக வாங்கியவர் விலகி மற்றவருக்காகத் தெருவில் இறங்கவேண்டும் என்று கேட்டோம். இருவரும் ஒப்புக்கொண்டு நோட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அப்போது ஒருவர் எழுந்து, “அக்காவுக்கு அதிகம் விழுந்தால் தமிழ்ச் சங்கம் மராத்திக்காரரை ஆதரிப்பதா?” என்று கேட்டார். டெலானோவில் மெக்ஸிகர்கள் 1965-இல் கேட்டுக்கொண்ட கேள்விதான் இது. அக்கா நிமிர்த்திய தராசில் நம் வீட்டு அரிசியும் நிறுக்கப்பட்டது. முன்னால் ஓடுகிறவர் தமிழர்தான். கக்கூஸ் கதவுக்கு நாம் அலைந்தபோது அவரும் இதே வட்டத்தில்தான் இருந்தார். இதற்கு மேல் நாம் சொல்வதற்கில்லை, ஓட்டு உங்கள் கையில்.

இரண்டாவது, சங்க ஓட்டு இரகசிய ஓட்டு. பெயர் எழுதிய பட்டியல் எதுவும் கிடையாது. நாளைக்கு யாரும் அதைக் காட்டி யாரையும் மிரட்ட முடியாது. இரண்டு பானை, ஆளுக்கு ஒரு சீட்டு, புருஷனுக்குத் தனி, மனைவிக்குத் தனி. உத்திரமேரூர் குடவோலையை நாம் பெருமையாகப் பேசுவோம். ஆனால் அது பானைக்குள் ஓலை போட்டுச் சிறுவனை விட்டு எடுக்கச் செய்த சீட்டுக் குலுக்கல். நம் பானையில் குலுக்கல் இல்லை, எண்ணிக்கை.

மூன்றாவது, இதுதான் அவசரம். கட்சிப் பெட்டியில் சீட்டுப் போட உறுப்பினர் ரசீது வேண்டும். முன்னால் ஓடுகிறவருடைய ஆட்கள் கட்டுக் கட்டாகப் பாரம் வாங்கி, தாங்களே பணம் கட்டி, ஆட்களைச் சேர்க்கிறார்கள். ரசீதை உறுப்பினர் கையில் கொடுப்பதில்லை. நீங்கள் அப்படிச் சேர்க்கப்பட்டிருந்தால் பயப்படவேண்டாம். உறுப்பினர் நீங்கள்தான், பணம் கட்டியவர் அல்ல. ரசீதைக் கேட்டு வாங்குங்கள். சேராதவர்கள், அந்தக் கட்சிமேல் நம்பிக்கை உள்ளவர்கள் மட்டும், சொந்தக் காசில் சேருங்கள். வேறு கட்சிக்காரர்கள் சேரவேண்டாம். கள்ள உறுப்பினராகப் போய் நல்ல காரியம் செய்ய நாம் விரும்பவில்லை.

தோற்றுவிட்டால் என்ன செய்வது என்று அண்ணாச்சி கேட்டார். தோற்றால், மெக்கார்த்தியைப் போல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல், ஜெயித்தவரிடம் அதே வாரம் போவோம். கையில் கோரிக்கைத் தாளும் ஓட்டு எண்ணிக்கையும் இருக்கும். கதவு, இரண்டு குழாய், ரேஷன் கடைத் தராசு, பெண்கள் கக்கூஸுக்கு விளக்கு. எழுதித் தந்தால் பொதுத்தேர்தலில் அவருக்கு வேலை செய்வோம். தராவிட்டால் என்ன செய்வதென்று மறுபடி இதே தரையில் உட்கார்ந்து பேசுவோம்.

அண்ணாச்சி இன்னும் முழு மனதாகச் சம்மதிக்கவில்லை. ஆனால் பானை இரண்டும் அவர் கடையிலிருந்துதான் வருகின்றன. உறுப்பினர் பாரங்கள் பொருளாளரிடம் இருக்கின்றன. வாசல் பக்கத்து மேசை, வரும் வெள்ளி இரவு ஒன்பது மணி வரை. எழுதத் தெரியாதவர்களுக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் எழுதித் தருவார்கள். ரேஷன் கார்டை எடுத்து வர மறக்காதீர்கள்.